கலியாணவீட்டுக்கு உடுப்பது போல

வாயில் ஆறு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு யூஜினி முழங்காலில் நின்றாள். அவளுடைய மகள் நிரோஷினி முக்காலியில் ஏறி, பீச் நிறச் சற்றின் துணி கணுக்கால் வரைக்கும் வழிய, ஆடாமல் அசையாமல் நிற்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் நிலக்கீழ் அறை அது. ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கும் மெசின், மறுபக்கம் இரண்டு தையல் மெசின்கள், நடுவில் ஊர்ச் சனத்தின் சாறிச் சட்டைகள் தொங்கும் கம்பி. ஸ்காபரோவில் கலியாணம், புதுநன்மை, சாமத்தியவீடு என்று எது நடந்தாலும் அதில் கால்வாசிப் பேர் இந்த அறைக்குள் வந்து கையை உயர்த்தி அளவு கொடுத்துவிட்டுப் போனவர்களாகத்தான் இருப்பார்கள். இருபது வருடமாகத் தைக்கிறாள். ஒருவரை வாசலில் கண்டதுமே இடுப்பளவு சொல்லிவிடுவாள், அரை அங்குலம்கூடப் பிசகாது. அப்படிப்பட்டவள் அன்றைக்குத் தன் மகளின் சட்டை விளிம்பை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

மெசினுக்கு மேலே சுவரில் இரண்டு தாள்கள் குத்தியிருந்தன. வழக்கமாக அந்த இடத்தில் வாடிக்கைக்காரரின் அளவுகள்தான் இருக்கும். இது நிரோஷினி தான் படிக்கிற கம்பசிலிருந்து கொண்டுவந்த போட்டோக்கொப்பி. என்ன உடுக்க வேண்டும் என்று ஒரு தாள், எதை உடுக்கவே கூடாது என்று மற்றத் தாள். டெனிம் கூடாது. ஓடுகிற சப்பாத்துக் கூடாது. கிலுங்கும் வளையல் கூடாது, மூக்கைத் துளைக்கும் சென்ற் கூடாது, சூயிங்கம் வாயில் இருக்கவே கூடாது. மழை வந்தால் தலைமயிர் கெடும், அதனால் குடை கொண்டுவர வேண்டும். காலுறை கிழிந்தால் மாற்றுவதற்குக் கைப்பைக்குள் இன்னொரு சோடி இருக்க வேண்டும். அடியில், உடுப்போடு சம்பந்தமே இல்லாமல், காசு, சமயம், பெடியங்கள் இந்த மூன்றையும் பற்றிக் கதைக்கக் கூடாது என்றும் போட்டிருந்தது. இந்த மூன்றையும் விட்டால் மனிசர் வேறு என்னத்தைத்தான் கதைப்பது என்று யூஜினி கேட்டாள்.

விசயம் இதுதான். கம்பசுக்குப் பக்கத்துத் தெருக்களில் பெரிய பழைய வீடுகள் சில இருந்தன. கதவுக்கு மேலே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாத கிரேக்க எழுத்து இரண்டோ மூன்றோ இருக்கும். அந்த வீடுகளில் படிக்கிற பெண்பிள்ளைகள் கூட்டாக இருப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து படிப்பார்கள், ஒருவரை ஒருவர் சகோதரி என்பார்கள். ஒவ்வொரு செப்ரெம்பரும் புதுப்பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். சேர்ப்பதென்றால் பேர் கொடுத்துவிட்டுப் போய் இருப்பது இல்லை. மூன்று பின்னேரம் போய் அந்தப் பிள்ளைகளோடு கதைத்துச் சிரிக்க வேண்டும். அவர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு பின்னேரமும் பாதிப்பேருக்கு மேல் அடுத்த அழைப்பு வராது. ஏன் வரவில்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்களுக்குத் திங்கட்கிழமை ஒரு கடித உறை வரும்.

இதைக் கேட்டவுடன் யூஜினிக்குப் பொம்பிளை பார்க்கிற சடங்குதான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம், இங்கே பார்க்கிறவர்கள் முப்பது பேர், அதுவும் எல்லாரும் பொம்பிளைகள். நிரோஷினி அப்படி இல்லவே இல்லை என்று கோபப்பட்டாள். அவளுடைய தகப்பன் அமிர்தநாதர் பாண் பேக்கரியில் பின்னேர வேலை செய்கிறவர், எதையும் தன் வசதிக்கு விளங்கிக்கொள்கிறவர். பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீடு, ஆளை ஆள் சிஸ்ரர் என்று கூப்பிடுகினம், ஆம்பிளையள் மாடிக்கு ஏறக்கூடாது என்றதும், கன்னியர் மடம் மாதிரி ஒன்றாக்கும் என்று முடிவெடுத்துத் திருப்திப்பட்டுவிட்டார். ஒருவரும் அவரைத் திருத்தப் போகவில்லை.

யூஜினி இதற்குச் சம்மதித்ததற்குக் காரணம் வேறு. போன வருடம், முதலாம் ஆண்டில், நிரோஷினி கொண்டுபோன சாப்பாடு அடிக்கடி அப்படியே திரும்பி வந்தது. உடம்பு மெலிகிறாளோ, யாரும் பெடியனோ என்று தாய் மனம் எங்கெல்லாமோ ஓடியது. கடைசியில் மாசி மாதத்தில் ஒருநாள் உலுக்கிக் கேட்டபோதுதான் சொன்னாள். மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ், பிறகு சப்வே என்று இரண்டு மணித்தியாலம் போய், இரண்டு மணித்தியாலம் வருகிற பிள்ளைக்கு அங்கே ஒரு சிநேகிதியும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்ததுகள் எல்லாம் வேறு கம்பசுக்குப் போய்விட்டதுகள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் இருக்க ஒரு இடம் இல்லை. லைப்ரரியில், நெருப்புப் பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று இருக்கிற மாடிப்படியில் இருந்து சாப்பிடுவாளாம். யாராவது ஏறி வருகிற சத்தம் கேட்டால் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுப் புத்தகத்தை விரிப்பாளாம். இதைச் சொல்லிவிட்டு, உது ஒண்டும் பெரிய விசயமில்லை என்று சிரித்தாள். அன்று முதல் ஏழு மாதமாக, யாருக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாலும், அந்த மாடிப்படி அவளுடைய கண்ணுக்கு முன்னால் நின்றது. இந்த வருடம் ஆய்வுகூடத்தில் பக்கத்தில் நிற்கிற கிறிஸ்ரின் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை, வா, நாங்கள் இரண்டு பேரும் சேருவோம் என்று கூப்பிட்டபோது, யூஜினிக்கு அந்தக் கிரேக்க எழுத்து வீட்டில் தெரிந்ததெல்லாம் ஒரு மேசையும், அதில் தன் பிள்ளைக்கு ஒரு கதிரையும்தான்.

முதல் பின்னேரத்துக்கு நல்ல காற்சட்டையும் வெள்ளைச் சேர்ட்டும். அது கடையில் வாங்கியது, பிழை வரவில்லை. இரண்டாம் பின்னேரத்துக்குப் பாவாடையும் பிளவுசும் என்று தாள் சொன்னது. யூஜினி மோலுக்குப் போய், ஒரு நீலப் பாவாடையை மாற்றிப் பார்க்கும் அறைக்குள் கொண்டுபோய், உள்பக்கம் திருப்பித் தையலைப் படித்துவிட்டு, திருப்பித் தொங்கவிட்டு வந்து, அதே மாதிரி ஒன்றை இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைகள் எங்கே வாங்கியது என்று கேட்டார்களாம். அம்மா தைச்சது என்றதும் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாளாம். நிரோஷினி பஸ்ஸால் இறங்கி ஓடிவந்து இதைச் சொன்னபோது யூஜினிக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் அந்த வீட்டிலிருந்து மூன்றாம் பின்னேரத்துக்கு அழைப்பு வந்தது. நூற்றுக்கு மேலே தொடங்கி இருபதுக்குள் வந்துவிட்டாள் என்று அமிர்தநாதர் பேக்கரியில் எல்லாருக்கும் சொன்னார். எதில் இருபது என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

வினை மூன்றாம் பின்னேரத்தில் இருந்தது. தாளில் அதற்கு ஒரேயொரு வரிதான். ஒரு கலியாணத்துக்கு விருந்தாளியாகப் போனால் எப்படி உடுப்பீர்களோ அப்படி உடுங்கள், வெள்ளை மட்டும் வேண்டாம். நிரோஷினி இதை வாசித்துச் சொன்னவுடன் யூஜினிக்கு மனம் குளிர்ந்துபோனது. இவ்வளவு நாளும் இந்தத் தாள் அவளுக்குத் தெரியாத ஊரின் பாதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அவளுடைய சொந்த வாசலுக்கே கொண்டுவந்து விட்டுவிட்டது. கலியாணவீடு! வெள்ளை நிறம் மணப்பொம்பிளைக்கு உரியது, அது மாதா கோயிலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். அதற்கு அடுத்த உடுப்பு எது? தோழிப்பெண்ணின் உடுப்புத்தானே. பீடத்துக்கு முன்னால் பொம்பிளைக்குப் பக்கத்தில் நிற்கிறவள், படத்தில் விழுகிறவள். ரொறன்ரோவில் தோழிப்பெண் சட்டை தைப்பதில் யூஜினியை அடிக்க ஆள் இல்லை என்று மொன்றியலில் இருந்துகூடப் போன் வரும்.

நிரோஷினி கொஞ்சம் இழுத்தாள். கறுப்பென்றால் எப்போதும் பிழை வராது என்று கிறிஸ்ரின் சொன்னதாகச் சொன்னாள். ஆனால் நிரோஷினிக்கும் நிச்சயம் இல்லை. அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் ஒரு நாற்பது கலியாணத்துக்குப் போயிருப்பாள். நாற்பதும் தமிழ்க் கலியாணம். அங்கெல்லாம் ஒரு கறுப்புச் சட்டையை அவள் கண்டதில்லை. வெள்ளைக்காரரின் கலியாணத்துக்குப் போகிற விருந்தாளி எப்படி உடுப்பாள் என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? யாரிடம் போய்க் கேட்பது?

"கலியாணவீட்டுக்கு ஆரும் கறுப்பு உடுப்பினமோ பிள்ளை?" என்றாள் யூஜினி. "இந்த வீட்டிலை கறுப்பு உடுக்க நான் ஒருத்தி போதும்."

அதோடு நிரோஷினி கறுப்புப் பேச்சை விட்டுவிட்டாள். யூஜினியின் தாய் போன மார்கழியில், ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து போன வழியில், கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் செத்துப்போனாள். செய்தி வந்து சேரவே மூன்று கிழமை பிடித்தது. அடக்கம் செய்த இடம் எது என்று இன்னும் சரியாகத் தெரியாது. போகவும் முடியாது, ஒரு மெழுகுதிரி கொளுத்தவும் முடியாது. அவர்கள் குடும்பத்தில் தாய் செத்தால் மகள் ஒரு வருடம் கறுப்பு உடுப்பது வழக்கம். தன்னால் செய்யக்கூடியதாக எஞ்சியது அது ஒன்றுதான் என்று யூஜினி தனக்கு மூன்று கறுப்புச் சட்டைகள் தைத்தாள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெறும் கழுத்து, பொத்தான்கூட வெளியில் தெரியாது. கடைக்கும் கோயிலுக்கும் ஒன்பது மாதமாக மாறி மாறி அதையே உடுத்தாள். பிள்ளைக்கு அந்த நிறம் படக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். ஓகே அம்மா என்றாள் நிரோஷினி. மகள் தன்னை நம்பிவிட்டாள் என்று யூஜினி நினைத்தாள். அது உண்மையும்தான்.

சட்டை அப்படி வந்தது. தோளில் சின்னதாக உப்பிய கை, நெஞ்சில் ஒரு வரிசைச் சுருக்கு, இடுப்பில் இறுக்கி, பிறகு குடையாக விரிந்து கணுக்காலில் விழுகிற பாவாடை, பின்னால் அதே துணியில் ஒரு பெரிய பூமுடிச்சு. குயின் வீதியில் நான்கு துணிக்கடை ஏறி இறங்கித் தேடிய சற்றின். வளையல் கிலுங்கக்கூடாது என்பதால் காப்பு இல்லை, ஒரேயொரு சங்கிலி. முக்காலியில் நின்ற மகளைச் சுற்றி ஒரு வலம் வந்து பார்த்தபோது, தன் கையிலிருந்து இதைவிட நல்லதொன்று வந்ததில்லை என்று யூஜினிக்குத் தெரிந்தது. அதில் பொய்யும் இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் அமிர்தநாதர் லீவு போட்டார். இந்தச் சட்டையோடு பிள்ளையை பஸ்ஸில் அனுப்ப முடியாது. எதற்கும் அரைமணி முந்திப் போகிற மனிசன், ஐந்து மணிக்கே காரை எடுத்துவிட்டார். யூஜினியும் கூட வந்தாள். பாவாடை கசங்காமல் பின் சீற் முழுவதையும் மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் முன்னால் இருந்தாள். அந்தத் தெருவில் மேப்பிள் மரங்களுக்குக் கீழே, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தியபோது ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் ஒருவரும் இல்லை. பிந்திப்போனதாக இருக்கக்கூடாது என்று யூஜினிதான் அவசரப்படுத்தினாள். பூமுடிச்சைச் சரிபண்ணி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். நிரோஷினி பாவாடையை இரண்டு கையாலும் சற்றுத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து படியேறினாள். கதவு திறந்தது. திறந்தவளின் முகம் தெரியவில்லை. கதவு மூடியது.

பிறகு மற்றப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

முதலாவது வந்தவள் கறுப்பு உடுத்திருந்தாள். மெல்லிய தோள்பட்டி, முழங்காலோடு நின்றுவிடுகிற ஒரு சின்னக் கறுப்புச் சட்டை. பாவம், இவளுடைய வீட்டிலும் யாருக்கோ என்னவோ என்று யூஜினி மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். பிறகு இரண்டு பேர் கைகோத்து வந்தார்கள். இரண்டு பேரும் கறுப்பு. பிறகு நான்கு பேர் வந்தார்கள். மூன்று பேர் கறுப்பு, ஒருத்தி கறுப்போடு சேர்கிற கடுநீலம். யூஜினியின் கை கார்க் கதவின் பிடியைத் தேடியது.

"இஞ்சையப்பா, உந்த வீட்டிலை ஏதோ செத்தவீடு போல கிடக்கு," என்றாள்.

அமிர்தநாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் மூன்று பேர் படியேறினார்கள். கழுத்தில் சின்ன முத்துச் சரம், கையில் குடை. ஒருத்தி எதையோ சொல்ல மற்றவர்கள் தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தார்கள்.

"செத்தவீட்டுக்கு உப்பிடிச் சிரிச்சுக்கொண்டு போகாயினம்," என்றார் அவர்.

அந்த நேரம் கிறிஸ்ரின் வந்தாள். அவளும் கறுப்புத்தான். காரைக் கண்டு கைகாட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக உள்ளே போனாள். கறுப்பென்றால் எப்போதும் பிழை வராது. பிள்ளை சொன்னாள்தானே. தன் வாயால் சொன்னாள். அவளுடைய வாயை அடைத்தது யார்? செத்த தாயைக் காட்டி அடைத்தது யார்? யூஜினியின் காது இரண்டும் சுட்டன. இருபது வருடம் தையல், மொன்றியலில் இருந்து போன் வரும், என்ன பெருமை! ஒரு வரியை விளங்கிக்கொள்ளத் தெரியவில்லை. இப்போது அந்த வீட்டுக்குள் இருபது கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் தன் பிள்ளை சோடித்த தேர் மாதிரி நிற்பாள். அவளும் எல்லாரையும் பார்ப்பாள், எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். ஒளிக்க ஒரு இடம் இராது. மாடிப்படியில் என்றால் சத்தம் கேட்டதும் பெட்டியை மூடலாம். இந்தச் சட்டையை எங்கே மூடுவது?

கைப்பைக்குள் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. ஊக்கு இருந்தது, ஊசிநூல் இருந்தது. அது இல்லாமல் அவள் வெளிக்கிடுவதில்லை. பூமுடிச்சை அறுத்து எறியலாம். பாவாடையை முழங்காலோடு வெட்டி மடித்துக் குத்தலாம். ஆனால் நிறத்தை என்ன செய்வது? நிறத்தை வெட்டுகிற கத்தரிக்கோல் இல்லையே. அப்படித் துவண்டுபோய் மடியைக் குனிந்து பார்த்தபோதுதான் தான் உடுத்திருப்பது கண்ணில் பட்டது. வெறும் கழுத்து. முழங்காலுக்குச் சற்றுக் கீழே. கறுப்பு. இடுப்பில் பின்பக்கம் நான்கு ஊக்குக் குத்தினால் நிரோஷினிக்கு அளவாக இருக்கும். முத்துச் சரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சங்கிலி இருக்கிறது.

"நான் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன். பின் சீற்றிலை வைச்சு மாத்திவிடுறன்," என்றாள்.

"எதை மாத்தப் போறாய்?"

"இதைத்தான். என்ரையை."

அமிர்தநாதர் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "அப்ப நீ?"

அப்போது அவள் என்ன உடுப்பாள்? பீச் நிறச் சற்றினை. துக்கம் முடிய இன்னும் மூன்று மாதம் கிடக்கிறது. யூஜினி அதை யோசிக்கவில்லை என்று இல்லை. யோசித்தாள். தாய் கோபிக்கமாட்டாள் என்றும் யோசித்தாள். பிறகு காரைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

தெருவைக் கடந்து, படியேறி, மணியை அமத்தும் வரைக்கும் அவளிடம் ஒரு வேகம் இருந்தது. கதவு திறந்தவுடன் அது போய்விட்டது. உயரமான ஒரு பிள்ளை, கறுப்புச் சட்டை, பல்லெல்லாம் தெரிய நின்றாள். யூஜினி படியில் வரும்போது பாடமாக்கியிருந்த ஆங்கிலம் நான்கே சொல்லாகச் சுருங்கிவிட்டது. மை டோட்டர், என்றாள். கொஞ்சம் பொறுத்து, இரண்டு விரலைக் காட்டி, ரூ மினிற்ஸ். அந்தப் பிள்ளை அவளை ஒரு விநாடி பார்த்தாள். பிறகு, நிரோஷினியின் அம்மாவா, தைக்கிற அம்மாவா என்று கேட்டுக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். கதவடியில் நின்று மகளை மெதுவாக வெளியே கூப்பிட்டுவிடலாம் என்ற எண்ணம் அந்த இழுப்போடு போனது.

உள்ளே பெரிய கூடம். மெழுகுதிரிகள். சின்னச் சின்னக் கேக்குகள் அடுக்கிய தட்டுகள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, நடுவில் நிரோஷினி. யாரோ அவளைச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்து அவள் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள். பாவாடை தைத்தவள் நினைத்தபடியே குடையாக விரிந்து எழும்பியது, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு இழுவை இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். யூஜினி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் சிரித்தது. வடிவென்று சிரிக்கிறார்களா, விசர்க்கோலம் என்று சிரிக்கிறார்களா? தமிழ்ச் சனம் என்றால் ஒரு கண் வெட்டில் கண்டுபிடித்துவிடுவாள். வாடிக்கைக்காரி கண்ணாடிக்கு முன்னால் நின்று நல்லாயிருக்கு அக்கா என்று சொல்லும்போதே, இவள் வீட்டுக்குப் போய் என்னைத் திட்டப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த முகங்களில் அவளுக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

சுற்றி முடித்து நின்ற நிரோஷினி தாயைக் கண்டாள். கூடத்தின் அந்தக் கரையில் இருந்தே தாயின் முகத்தை வாசித்தாள். வாசித்துவிட்டாள் என்பது யூஜினிக்குத் தெரிந்தது. அப்படியென்றால் உள்ளே காலடி வைத்த நேரத்திலிருந்து பிள்ளைக்கும் தெரியும்.

நிரோஷினி வந்து பக்கத்தில் நின்றாள். யூஜினி அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். சுற்றி நிற்கிற ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அது ஒன்றுதான் அந்த இடத்தில் அவளுக்கு இருந்த வசதி.

"காருக்கை வா பிள்ளை. என்ரை சட்டையை உடு. ஐஞ்சு நிமிசத்திலை நான் சரிபண்ணித் தாறன்."

நிரோஷினியின் முகத்தில் இருந்த சிரிப்பு மாறவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சிரியுங்கோ அம்மா. எல்லாரும் பாக்கினம்."

யூஜினி சிரித்தாள். நிரோஷினி தாயின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, இதுதான் என்னுடைய அம்மா, இந்தச் சட்டையை இவதான் தைச்சவ என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னாள். பிள்ளையின் கை வியர்த்து ஈரமாக இருந்தது. மறுபடியும் எல்லாரும் கைதட்டினார்கள். கிறிஸ்ரின் மட்டும் கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, அவளுக்குப் பொய்க்குக் கைதட்டத் தெரியவில்லை என்று யூஜினிக்குத் தோன்றியது. அல்லது கையில் தட்டு இருந்ததாலோ தெரியாது.

யாரோ ஒருத்தி யூஜினியின் கையில் பழரசம் ஒன்றைக் கொடுத்தாள். கதவு திறந்த உயரமான பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, உங்களுடைய சட்டை எவ்வளவு வடிவு, வெட்டு எவ்வளவு அளவு, இதுவும் நீங்கள் தைத்ததா, எனக்கு இப்படி ஒன்று வேண்டும் என்றாள். இந்தத் தடவை யூஜினிக்கு முகம் விளங்கியது. இந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. தையல்காரிக்கு அது தெரியும். இது என் அம்மா செத்ததற்கு உடுத்தது பிள்ளை, அவவை எங்கே தாட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. தமிழிலே சொன்னாலும் முடிவதற்குள் அழுகை வந்துவிடும். தாங்க் யூ, என்றாள். அந்தப் பிள்ளை அவளுடைய தோளைத் தடவிவிட்டு நகர்ந்தாள்.

இனிப் போகலாம் என்று யூஜினி கதவுப் பக்கம் பார்த்தாள். மகளை இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அதற்கிடையில் கமராவைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி எல்லாரையும் குளிர்காயும் நெருப்படுப்புக்கு முன்னால் வரச்சொன்னாள். நிரோஷினியின் அம்மாவும், அம்மாவும் கட்டாயம் என்றார்கள். யார் யாரோ தள்ளி இழுத்து இரண்டு வரிசையாக்கினார்கள். நிரோஷினியை நடுவில் விட்டார்கள். மரியாதைக்கா, வேடிக்கைக்கா, இவ்வளவு பெரிய பாவாடை கரையில் நின்றால் படத்துக்குள் வராது என்பதற்கா? இந்தப் படம் இங்கேயே இருக்கும். திங்கட்கிழமை யாருக்கு உறை அனுப்புவது என்று கூடிக் கதைக்கும்போது இதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அல்லது அதற்குள் கழுவி வந்திராது. எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், இருபது கறுப்புக்கு நடுவில் அந்தப் பீச் நிறம் மட்டும் முதலில் கண்ணில் அடிக்கும் என்பதுதான்.

யூஜினி பழரசத்தை நெருப்படுப்பின் மேல்தட்டில் வைத்துவிட்டு, ஒரு அடி எடுத்து மகளுக்கு முன்னால் போய் நின்றாள். முழங்கைகளைக் கொஞ்சம் அகட்டி, தன் கறுப்புப் பாவாடையை இரண்டு பக்கமும் பிடித்து விரித்துக்கொண்டாள். அவள் கட்டையான மனுசி, எவ்வளவைத்தான் மறைக்க முடியும்? உப்பிய கைகள் இரண்டு பக்கமும் தெரியும், பாவாடை விளிம்பு கீழே தெரியும். ஆனாலும் நடு உடம்பு மறையும். நெஞ்சுச் சுருக்கு மறையும்.

கமராக்காரி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பின்னாலிருந்து நிரோஷினியின் இரண்டு கைகளும் வந்து தாயின் இடுப்பைப் பிடித்தன. மெல்ல, ஆனால் உறுதியாக, அவளை ஒரு அடி பக்கத்துக்கு நகர்த்தித் தன்னோடு சேர்த்து நிறுத்தின. யூஜினி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பவும் அரை அடி முன்னால் எடுத்து வைத்தாள், அப்போது வெளிச்சம் அடித்தது.